சிறுமலை, சதுரகிரி போறோம்: காட்டுமாடு, ஆனை, பாம்பு எதிர்ப்பட்டா என்ன செய்ய?

வைகைக்கரை
வணக்கம் மக்களே. வர்ற ஞாயிறு நாங்க நாலஞ்சு பேர் பைக்ல சிறுமலை போறோம். அமாவாசைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு சதுரகிரி. இது போதாதுன்னு சித்தப்பா மகன் ஒருத்தன் நாகமலை மேல ராத்திரி டென்ட் போட்டுப் படுக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான்.

ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆனை துரத்துனா பள்ளத்தைப் பாத்து ஓடுங்கிறாரு ஒருத்தர். கரடியைக் கண்டா செத்த மாதிரி படுத்துக்கங்கிறாரு இன்னொருத்தர். காட்டுமாட்டுக்கு ஹாரன் அடிங்கிறான் ஒருத்தன், அடிக்காதேங்கிறான் அடுத்தவன். அம்மா மிளகாய்ப்பொடி பொட்டலமே கட்டி வச்சிட்டாங்க. காட்டுப் பக்கம் புழங்குனவங்க இருந்தா கொஞ்சம் தெளிவாச் சொல்லுங்க.

கோரிப்பாளையம் புல்லட்
மாப்ள, இதுக்குப் போயா இம்புட்டு யோசனை? சிறுமலைக்கு நான் போகாத மாசம் இல்லை. காட்டுமாடு நின்னா ஹை பீமைப் போட்டு ரெண்டு முறுக்கு முறுக்கு, தானா ஒதுங்கிரும். நம்ம ஊரு எருமைக்கு அண்ணன் தம்பிதான் அது. சதுரகிரிக்குப் பையில நாலு லட்சுமி வெடி வச்சுக்க. ஆனையும் ஓடும், கரடியும் ஓடும்.

பழைய வாச்சர்
தம்பி புல்லட்டு, இதுவரைக்கும் ஒதுங்கிப் போயிருந்தா அது அந்த மாட்டோட பெருந்தன்மை. உங்க ஹெட்லைட்டு மகிமை இல்லை. வெடியைக் கொண்டுக்கிட்டு வனத்துறை கேட்டைத் தாண்டுனீங்கன்னா ஆனை பிடிக்கிறதுக்கு முன்னாடி கார்டு பிடிச்சிருவாரு.

வைகைக்கரை தம்பிக்கு. சிறுமலையில ஆனைப் பயம் கிடையாது. அங்க ராஜா காட்டுமாடுதான். வளந்த காளை ஆயிரம் கிலோவைத் தொடும், நின்னா தோள் உயரமே ஆறடி. கூட்டமா மேஞ்சா பெரும்பாலும் அதுகளாவே நகந்துரும். கவனிக்க வேண்டிய ஆளு ஒத்தைக் காளை. அது கோவப்பட்டா உடனே முட்ட வராது. தலையை லேசாத் தாழ்த்தி, மூக்கால காத்தை உஸ்ஸுன்னு விட்டு, உடம்பை அப்படியே பக்கவாட்டுல திருப்பி நிக்கும். நம்ம ஆளுக அதைப் பாத்துட்டு, ஆகா போட்டோவுக்கு நிக்குதுன்னு செல்லை எடுப்பாக. அது போட்டோவுக்கு நிக்கலை. என் அகல நீளத்தைப் பாத்துக்க, பாத்துட்டுப் போயிருங்குது. அதையும் மீறி நின்னாத்தான் கொம்பு வரும்.

வண்டியில போறப்ப, சிறுமலை ரோட்டுல 18 கொண்டை ஊசி வளைவு இருக்கு. திரும்புன உடனே நடுரோட்டுல நிக்கும். அதனால வளைவுல வேகம் வேணாம். அம்பது மீட்டராவது தள்ளி நிறுத்துங்க. லைட்டைத் தாழ்த்துங்க, ஹாரன் வேணாம், ஆக்சிலேட்டரை முறுக்க வேணாம். ஒண்ணு கடந்துருச்சுன்னா வேலை முடிஞ்சதுன்னு கிளப்பிராதீங்க, பின்னாலயே கன்னு வரும். தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல வண்டியை விடுறவன்தான் அடிபடுறான்.

நடந்து போறப்ப எதிர்ப்பட்டா முதுகு காட்டி ஓடாதீங்க. அதைப் பாத்துக்கிட்டே மெதுவாப் பின்னுக்கு நகந்து, பெரிய மரமோ பாறையோ நடுவுல இருக்கிற மாதிரி பண்ணிக்கங்க. வெட்டவெளியில ஓட்டப்பந்தயம் வச்சா ஜெயிக்கப்போறது அது.

கேமராக்கண்
அண்ணே, சொல்றது சரிதான், ஆனா கொஞ்சம் ஓவராப் பயமுறுத்துற மாதிரி இருக்கு. கொடைக்கானல்ல தெருவுக்குத் தெரு காட்டுமாடு நடக்குது, பக்கத்துலயே சனம் காய் வாங்கிட்டுப் போகுது. நான் இருபதடி கிட்டப் போய் எடுத்த படமெல்லாம் இருக்கு. ஒண்ணும் பண்ணலை.

பழைய வாச்சர்
கொடைக்கானல் மாடு மனுச வாடைக்குப் பழகினது. பழகினதுன்னா சாதுவாயிருச்சுன்னு அர்த்தம் கிடையாது. அங்கயும் ஆளுகளை முட்டித் தூக்கியிருக்கு, பேப்பர்ல பாக்குறோம்ல. கிட்டப் போறதுக்கு அளவு அடிக்கணக்குல இல்லை தம்பி. மேஞ்சுக்கிட்டு இருக்கிற மிருகம் வாயை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களைப் பாத்துச்சுன்னா நீங்க எல்லையைத் தாண்டியாச்சு. உங்க படத்துல மாடு புல்லைப் பாக்குதா, கேமராவைப் பாக்குதா?

ஜிகர்தண்டா
அண்ணன் ஆல்பத்தை நான் பாத்திருக்கேன். பூராம் முறைச்சுக்கிட்டுத்தான் நிக்குதுக 😄

பேரையூர்க்காரன்
சாப்டூர்ப் பக்கம் எங்களுக்கு மலையடிவாரத்துல தென்னையும் மாவும் இருக்கு. ஆனை இறங்கிட்டுப் போகாத வருசம் இல்லை. மதுரைக்காரவுகளுக்கு மதுரை மாவட்டத்துலயே ஆனை இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாக. 2021ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துல எங்க பக்கத்து மலையும் ஒரு ஓரம்தான்.

நாங்க முதல்ல பாக்குறது லத்தி, அதான் ஆனைச் சாணம். காஞ்சு போய்க் கிடந்தா பயமில்லை. ஈரமா, ஆவி பறக்கக் கிடந்துச்சுன்னா அன்னைக்கு அங்கிட்டுப் போற சோலியே கிடையாது. அப்புறம் காது. ஆனை நடக்கையில சத்தம் கேக்காது, அம்புட்டுப் பெரிய உடம்புக்கு அப்படி ஒரு மெத்துன்னு நடை. மூங்கிலோ கொப்போ ஒடிக்கிற சத்தம்தான் காட்டிக் குடுக்கும். காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு மலையேறுற பயலுகளைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது.

வைகைக்கரை
அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி. பள்ளத்தைப் பாத்து ஓடுனா ஆனையால இறங்க முடியாதுங்கிறது நெசமா? இன்னொண்ணு, சத்தம் போடாமப் போகணுமா, பேசிக்கிட்டே போகணுமா? ரெண்டையும் ரெண்டு பேரு சொல்றாங்க.

பழைய வாச்சர்
பள்ளக் கதையை நம்பிப் போயிராதீங்க. ஆனை பின்னங்காலை மடக்கி, உக்காந்த வாக்குல சறுக்கிக்கிட்டே சரிவுல இறங்கும். அங்க கால் இடறி விழப்போறது நீங்கதான்.

தூரத்துல ஆனையைப் பாத்தா வந்த வழியே திரும்புறது ஒண்ணுதான் வேலை. ஒரு பிடி புழுதியை எடுத்துத் தூவிப் பாருங்க. காத்து உங்ககிட்ட இருந்து அதுக்கிட்டப் போகுதுன்னா உங்க வாடை ஏற்கனவே போய்ச் சேந்திருக்கும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ஈரமா ஒழுகி இருந்தா மதம் பிடிச்ச கொம்பன், அந்தத் திசையையே மறந்துருங்க. காதை விரிச்சு, தலையைத் தூக்கி, பிளிறிக்கிட்டு நாலு எட்டு ஓடி வந்து நின்னுச்சுன்னா பெரும்பாலும் மிரட்டல். அப்பவும் திரும்பி ஓடாம, பேசாம பின்னுக்கு நகரணும். காதை ஒட்ட மடக்கி, தும்பிக்கையை உள்ள சுருட்டிக்கிட்டு, சத்தமில்லாம வந்தா அது மிரட்டல் இல்லை. அப்பக் கண்ணுல படுற பெரிய பாறை இடுக்குக்குள்ள போயிரணும். பையைக் கழட்டிப் போட்டா சில சமயம் அதை மிதிக்க நிக்கும், அந்த நேரம் உங்களுக்கு லாபம். இந்த அடையாளத்தையெல்லாம் முழுசா நம்பி அங்கேயே நின்னு பரிட்சை பண்ணிப் பாக்காதீங்க, எல்லா ஆனையும் ஒரே மாதிரி இல்லை.

சத்தம் விசயம். ரெண்டு பேரு சொன்னதும் சரி, நேரம்தான் வேற. மிருகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி, சாதாரணமாப் பேசிக்கிட்டே போங்க. முக்கியமா வளைவுலயும் புதர் அடர்ந்த இடத்துலயும். ஆள் வருதுன்னு தெரிஞ்சா முக்கால்வாசி மிருகம் அதுவே விலகிரும். பாத்துட்டதுக்கு அப்புறம், கத்தாதீங்க, கை தட்டாதீங்க. ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்கிட்டு வர்ற கூட்டத்தை இந்த ரெண்டு கணக்குலயும் நான் சேக்கலை, அது தனி வியாதி.

பேச்சுக் குடுத்துக்கிட்டே போறது கரடிக்காகத்தான் ரொம்ப அவசியம். எங்க சர்வீஸ்ல ஆனையை விட நாங்க பயந்தது கரடிக்கு. அதுக்குக் கண்ணும் மந்தம், காதும் அம்புட்டுக் கூர்மை இல்லை. கரையான் புத்தைத் தோண்டி வாயை வச்சு உறிஞ்ச ஆரம்பிச்சா உலகமே மறந்துரும். அந்த உறிஞ்சுற சத்தம் நூறு மீட்டர் தள்ளி நின்னாலும் கேக்கும். நீங்க பேசாமப் போய்ப் பத்தடியில நின்னீங்கன்னா திடுக்கிட்டு எந்திரிச்சு நேரா முகத்துக்குத்தான் வரும். முதுகுல குட்டி இருந்தாக் கேக்கவே வேணாம். புதுசாத் தோண்டுன புத்து, நாவக்கொட்டை கலந்த எச்சம் பாத்தா வேற தடத்துல போங்க.

செத்த மாதிரி படுக்கிறது பத்தி. தூரத்துல கரடியைப் பாத்த உடனே படுத்துக்கிட்டா அது முகர்ந்து பாத்துட்டுப் போயிரும்னு பள்ளிக்கூடக் கதையில படிச்சிருக்கோம். அப்படி இல்லை. தூரத்துல பாத்தா மெதுவாப் பின்வாங்கணும். மேல விழுந்துருச்சு, தப்பிக்க வழியில்லைங்கிற கட்டத்துல மட்டும் குப்புறப் படுத்து, ரெண்டு கையையும் கோத்துப் பிடரியில வச்சு, முகத்தைத் தரையில புதைக்கணும். முதுகுப் பையைக் கழட்டாதீங்க, நகம் அதுல இறங்கட்டும். முகமும் கழுத்தும் தப்பிச்சா ஆள் தப்பிச்ச மாதிரி. மரம் ஏறலாமான்னு அடுத்துக் கேப்பீங்க. கரடி உங்களை விட நல்லா ஏறும்.

சிறுத்தையை நீங்க பாக்குறது அபூர்வம், அது உங்களைப் பாத்துட்டு ஒதுங்கிரும். எதிர்ப்பட்டா ஓடாதீங்க, குனியாதீங்க, உக்காராதீங்க. சின்னப் பிள்ளைகளை உடனே தூக்கிக்கங்க.

மகாலிங்கம் துணை
நாங்க தலைமுறை தலைமுறையா சதுரகிரி ஏறுறோம். சித்தர்கள் நடமாடுற மலை. சுந்தரமகாலிங்கத்தை நினைச்சு ஏறுறவனை எந்த மிருகமும் தொடாது. தேவையில்லாம பக்தர்களைப் பயமுறுத்த வேணாம்.

பேரையூர்க்காரன்
சாமியை நானும்தான் கும்புடுறேன், ஐயா. 2015 மே மாசம் காட்டாத்து வெள்ளத்துல போனவுகளும் பக்தருகதான். சாமி பாத்துக்கும்னு விட்டாலும் மேகத்தை நாமதானே பாக்கணும். மேல மழை பெஞ்சா ஓடையைக் கடக்கக் கூடாது. அந்த மலையில மிருகத்தை விடத் தண்ணிதான் ஆளைக் கொண்டுபோகும்.

கீழக்குயில்குடி டீச்சர்
எல்லாரும் பெரிய மிருகமாவே பேசிக்கிட்டிருக்கீங்க. மதுரையைச் சுத்தி இருக்கிற பாறை மலைகள்ல, சமணர் மலையோ ஆனைமலையோ அரிட்டாபட்டியோ, நீங்க உண்மையிலேயே பயப்பட வேண்டியது மலைத்தேனீக்கு. பாறைச் சரிவுக்கு அடியில ஒத்தைத் தட்டாத் தொங்கும், ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும். பிள்ளைகளை அழைச்சுக்கிட்டுப் போறப்ப நான் முதல்ல நிமிர்ந்து பாக்குறது அதைத்தான்.

சும்மா இருக்கிற தட்டு கருப்பா, அசையாமத் தெரியும். கலைஞ்சா மேல உக்காந்திருக்கிற தேனீ எல்லாம் வரிசையா வயித்தைத் தூக்கித் தூக்கிக் காட்டும். கீழே இருந்து பாத்தா தட்டு மேல ஓர் அலை ஓடி அடங்கி மறுபடி ஓடும். அந்த அலையைப் பாத்தீங்கன்னா சத்தமில்லாம, ஆனா உடனே அந்த இடத்தை விட்டு நகந்துருங்க. புகை, வெடி, கல் எறியிறது, ட்ரோன், நெடியான செண்ட்டு, இதெல்லாம்தான் பெரும்பாலும் கிளப்பி விடுறது. கல்வெட்டு பாக்க வந்தவங்க சும்மா இருப்பாங்க, பிறந்தநாள் கொண்டாட வந்தவங்க வாணம் விடுவாங்க, கொட்டு வாங்குறது எல்லாரும்.

கிளம்பிருச்சுன்னா இங்க விதி தலைகீழ். ஆனைக்கும் கரடிக்கும் ஓடாதேன்னாங்க. தேனீக்கு ஓடணும். துப்பட்டாவோ சட்டையோ தலை முகத்தை மூடி, நேர்கோட்டுல, காருக்குள்ளயோ கட்டடத்துக்குள்ளயோ போற வரைக்கும் நிக்காம ஓடணும். கையை வீசி அடிக்காதீங்க. ஒண்ணு கொட்டுன இடத்துல வர்ற வாடைதான் மத்ததுக்கு அடையாளம், லேசா வாழைப்பழ வாடை அடிக்கும். தண்ணிக்குள்ள குதிக்காதீங்க, தலை தூக்குற வரைக்கும் மேல சுத்திக்கிட்டே இருக்கும். பாறை மேல கண்ணை மூடிக்கிட்டு ஓடி விழுந்து சாகுறதும் நடக்குது, அதனால வழியைப் பாத்து ஓடுங்க.

பத்திரமா உள்ள போனதும் கொடுக்கை எடுக்கணும். பிஞ்சு வந்த நஞ்சுப்பை தோலுக்கு மேல துடிச்சுக்கிட்டே நிக்கும், நிமிசக் கணக்குல நஞ்சை இறக்கிக்கிட்டே இருக்கும். நகத்தாலயோ ஏடிஎம் கார்டாலயோ வழிச்சு விடுங்க, எப்படி எடுத்தாலும் சரி, சீக்கிரம் எடுக்கணும். உதடு நாக்கு வீங்குறது, உடம்பு பூராத் தடிப்பு, மூச்சு இழுக்கிறது, தலை சுத்தி விழுறது, இதுல எது வந்தாலும், ஒரே ஒரு கொட்டுன்னாலும் 108தான். அது ஒவ்வாமை, அட்ரினலின் ஊசி போட்டாத்தான் கேக்கும்.

பேரையூர்க்காரன்
டீச்சர் சொன்னதோட கதண்டுங்கிற பெரிய குளவியையும் சேத்துக்கங்க. பனைமரத்துல, புதர்ல கூடு கட்டும். அது கொடுக்கை விட்டுட்டுப் போகாது, ஒரே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். எங்க பக்கம் வேலைக்குப் போன பொம்பளைக செத்திருக்காக. தீப்பந்தம் கொளுத்துறேன்னு நீங்களாப் போகாம தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணுங்க.

செவிலி அக்கா
திருமங்கலம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பாக்குறேன். பாம்பைப் பத்தி யாரும் ஆரம்பிக்கலையேன்னு பாத்தேன். ஆனையும் கரடியும் அடிச்சு எங்ககிட்ட வர்றவங்க குறைவு. பாம்புக்கடி வாராவாரம் வரும். இந்தியாவுல வருசத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்பு கடிச்சுச் சாகுறாங்கன்னு 2020ல வந்த ஆய்வு சொல்லுது. தமிழ்நாட்டுல 2024 நவம்பர்ல இருந்து பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்.

பெரும்பாலான சாவு நாலு பாம்பால. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாகமலை மாதிரி காஞ்ச பாறைக் கரடுல கல்லுக்கு அடியில சுருட்டை இருக்கும். சின்னப் பாம்புதான், செதிலை உரசி ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் காட்டும். கல்லைப் புரட்டுறதுக்கும் விறகு பொறுக்குறதுக்கும் முன்னாடி குச்சியால தட்டுங்க.

டென்ட் கேட்ட தம்பிக்குக் கட்டுவிரியன் பத்திச் சொல்லணும். ராத்திரி நடமாடுற பாம்பு. தரையில படுத்திருக்கிறவங்களைத்தான் அதிகம் கடிக்கும். பல்லுத் தடம் கொசுக்கடி மாதிரி இருக்கும், சில பேருக்குத் தடமே தெரியாது. வீக்கம் இல்லை, வலி இல்லை. விடியக்காலம் வயித்து வலின்னு எந்திரிப்பாங்க, இமை தொங்கும், எச்சி முழுங்க முடியாது, அப்புறம் மூச்சு நிக்கும். ராத்திரி தரையில படுத்தவங்க காலையில வயித்துவலி, கண் திறக்க முடியலைன்னா நாங்க முதல்ல நினைக்கிறது கட்டுவிரியனைத்தான். டென்ட்ல படுத்தா ஜிப்பை முழுசா இழுத்து மூடுங்க, ஷூவைக் காலையில தட்டிட்டுப் போடுங்க.

கடிச்சாச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், வளையல், கொலுசு, வாட்ச் கழட்டணும், வீங்குனா எடுக்க முடியாது. கடிபட்ட கை காலை ஒரு கட்டையோ ஸ்கேலோ வச்சு எலும்பு முறிவுக்குக் கட்டுற மாதிரி லேசாக் கட்டி அசைக்காம வச்சுக்கணும். நடக்க விடாதீங்க, தூக்கிட்டு வாங்க. வாந்தி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கயிறு போட்டு இறுக்குறது, பிளேடால கீறுறது, வாயால உறிஞ்சுறது மூணும் கூடாது. இறுக்கிக் கட்டி வந்த காலைக் கருப்பாப் பாத்திருக்கேன், நஞ்சு செய்யாததைக் கயிறு செஞ்சிருந்துச்சு. பாம்பை அடிச்சுச் சாக்குல கட்டிக் கொண்டு வர வேணாம், நம்ம ஊரு நஞ்சுமுறி மருந்து நாலு பாம்புக்கும் ஒண்ணுதான். தூரத்துல நின்னு போட்டோ எடுக்க முடிஞ்சா எடுங்க, அதுக்காக ஒரு நிமிசம்கூட வீணாக்காதீங்க.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நாங்க ரெண்டு மில்லி ரத்தம் எடுத்துக் கழுவிக் காஞ்ச கண்ணாடிக் குழாய்ல விட்டு, அசைக்காம 20 நிமிசம் வைப்போம். அந்த 20 நிமிசம் சொந்தக்காரங்க எங்களைத் திட்டுவாங்க, ஊசி போடாம வேடிக்கை பாக்குறோம்னு. நேரம் முடிஞ்சதும் குழாயைச் சாய்ப்போம். உறைஞ்சிருந்தா அப்படியே ஒட்டி நிக்கும். தண்ணியா ஓடுச்சுன்னா கண்ணாடி விரியனோ சுருட்டையோ, அதோட நஞ்சு ஏறியிருக்கு, உடனே மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியனுக்கு ரத்தம் நல்லாவே உறையும், அங்க இமையும் மூச்சும்தான் கணக்கு.

பச்சிலை
அம்மா, எங்க தாத்தா சிறியாநங்கை அரைச்சுக் குடுத்து எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்காரு. நம்ம வைத்தியத்தை இப்படி ஒரேயடியா ஒதுக்கக் கூடாது.

செவிலி அக்கா
ஐயா, உங்க தாத்தாவைக் குறை சொல்லலை. நம்ம நாட்டுல கடிக்கிற பாம்புல பாதிக்கு மேல நஞ்சில்லாத சாரை, தண்ணிப்பாம்பு வகை. நஞ்சுள்ள பாம்பும் சில சமயம் நஞ்சை இறக்காமப் பல்லை மட்டும் பதிச்சுட்டுப் போயிரும். இவங்க எல்லாம் பச்சிலை குடிச்சாலும் பிழைப்பாங்க, மோர் குடிச்சாலும் பிழைப்பாங்க. பிழைச்சவங்க ஊருல வந்து சொல்லுவாங்க. நெசமா நஞ்சு ஏறுனவங்க வைத்தியர் திண்ணையில ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு எங்ககிட்ட வர்றப்ப வாய் பேச முடியாம வருவாங்க. அவங்களால போய்ச் சொல்ல முடியாது. கும்புட்டுட்டு வேணா வாங்க, நேரா வாங்க.

வைகைக்கரை
அக்கா, அந்த மருந்தை நாமளே வாங்கிப் பையில வச்சுக்கலாமா? மேல சிக்னல் இருக்காது, இறங்க நேரமாகும்ல?

செவிலி அக்கா
கூடாது தம்பி. அது குதிரைக்கு நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி எடுக்கிற மருந்து. அந்த நஞ்சுல பெரும்பகுதி சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் குடுக்கிறது. மருந்தே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பி மூச்சை அடைக்கும், பக்கத்துல அட்ரினலினோட ஆள் நிக்கணும். ஆரம்பமே பத்துக் குப்பி, நரம்புல சொட்டுச் சொட்டா. பையில வச்சு ஆகுற காரியம் இல்லை. அதுக்குப் பதிலா எங்க போகணும்னு முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கங்க. சிறுமலைன்னா திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. சதுரகிரின்னா வத்திராயிருப்பு, இல்லைன்னா ஸ்ரீவில்லிபுத்தூர் ஜி.எச். மதுரைக்குள்ளன்னா பெரியாஸ்பத்திரி, அதான் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி. பெரிய தனியார் ஆஸ்பத்திரிதான் நல்லதுன்னு தாண்டிப் போகாதீங்க. இந்த மருந்து அரசு ஆஸ்பத்திரியில இருக்கும், இலவசம்.

ஜிகர்தண்டா
அழகர்கோவில் குரங்கை யாருமே மதிக்கலையே! நூபுர கங்கைக்கு ஏறுறப்ப கையில இருந்த கேரிபேக்கை வாங்கி, முடிச்சை அவுத்து, தேங்காயை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தைத் திருப்பி எறிஞ்சுச்சு ஒண்ணு. திருப்பிப் பிடுங்காதீங்க, பல்லைக் காட்டிச் சிரிக்காதீங்க, அதுக்குச் சண்டைக்குக் கூப்பிடுறதா அர்த்தம்.

செவிலி அக்கா
கடிச்சாலும் பிறாண்டினாலும் சிரிக்காம, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிட்டு அன்னைக்கே வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கங்க. குரங்குக்கும் அதேதான்.

கோரிப்பாளையம் புல்லட்
எல்லாம் சரி. வாச்சர் அண்ணன் வெடி வேணாம்னாரு. ஆனா பேரையூர் அண்ணன் ஊருல ஆனைக்கு வெடிதானே போடுறாங்க? அவங்க போட்டா வைத்தியம், நாங்க போட்டா குத்தமா?

பேரையூர்க்காரன்
நல்லாக் கேட்டீக. எங்க தோப்புல ஆனை நிக்கையில வனத்துறைக்குப் போன் போட்டு அவுக வர்றதுக்குள்ள இருபது வருசத் தென்னை சாஞ்சிரும். நாங்க என்ன செய்ய? வெடி போட்டா பக்கத்துத் தோப்புக்குப் போகும், அவன் போட்டா திரும்ப எங்ககிட்ட வரும். நிக்கிற எடத்துல இருந்து அதை விரட்டத்தான் தெரியுது, எங்க போகணும்னு சொல்ல யாருக்கும் தெரியலை. இதுல ஊருக்காரன் கஷ்டத்தையும் உங்க டூரையும் ஒண்ணாக் கட்டாதீக, தம்பி. நாங்க அங்கேயே இருக்கோம். நீங்க வந்துட்டுப் போறீக.

பன்னிக்குன்னு கள்ளத்தனமாக் கரண்டு வேலி போடுறவன் செய்றதுதான் எனக்கு ஆகாது. பன்னி சாகுதோ இல்லையோ, விடியக்காலம் தண்ணி பாய்ச்சப் போற மனுசன் சாகுறான். மலையடிவாரத் தோட்டத்துக்குள்ள இருட்டுல குறுக்கு வழி நடக்காதீங்கன்னு டூர் வர்ற பிள்ளைகளுக்கு அதுக்காகவே சொல்லுவேன்.

பழைய வாச்சர்
அண்ணாச்சி சொல்றதுல நியாயம் இருக்கு, ஆள் போதாதுன்னு எங்களுக்கும் தெரியும். ஆனா மிரண்ட ஆனை எந்தப் பக்கம் போகும்னு வெடி போட்டவனுக்குத் தெரியாது. 2023 மே 27ஆம் தேதி அரிக்கொம்பன்கிற ஆனை தேனிப் பக்கம் கம்பம் ஊருக்குள்ள புகுந்ததை எல்லாரும் டிவியில பாத்தோம். ஊரே 144ல கிடந்துச்சு. ஆனையை விட, அதைப் பாக்கப் பின்னாலயே ஓடுன கூட்டத்தைச் சமாளிக்கிறதுதான் பெரும்பாடு. அடிபட்ட ஒருத்தர் செத்தும் போனாரு. ஜூன் 5ஆம் தேதி பிடிச்சுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோற வரைக்கும் யாருக்கும் தூக்கமில்லை. ஆனை ஊருக்குள்ள வந்தா வேடிக்கை பாக்க மொட்டைமாடியே போதும், தெரு வேணாம்.

வைகைக்கரை
சிறுமலைக்குக் காலையில போய் நாலு மணிக்குள்ள இறங்குறதா முடிவு பண்ணியாச்சு. சதுரகிரிக்கு விடிஞ்சப்புறம் தாணிப்பாறையில இருந்து கூட்டத்தோடவே ஏறுறோம். தம்பி மட்டும் இன்னும் டென்ட்டை விடலை. நாகமலை இல்லைன்னா வேற எங்கயாவது, ராத்திரி, தனியாங்கிறான்.

பழைய வாச்சர்
காப்புக்காட்டுல அனுமதி இல்லாம ராத்திரி தங்குறது சட்டப்படியே குத்தம். பிடிச்சா அபராதம், கேஸு. அது கிடக்கட்டும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனிப் பக்கம் குரங்கணி மலையில மலையேறப் போனவங்க 23 பேர் செத்ததுக்கு மிருகம் காரணம் இல்லை, காட்டுத்தீ. கோடைப் புல்லுக்காட்டுல நெருப்பு காத்தோட ஏறும்போது மனுசன் கால் ஈடுகுடுக்காது. அதுக்கப்புறம்தான் அதே வருசம் மலையேத்தத்துக்கு அரசு தனி விதியே போட்டுச்சு. அனுமதி கேக்குறது பேப்பர் வேலைக்காக இல்லை. நீங்க உள்ள இருக்கீங்கன்னு வெளியில யாருக்காவது தெரியணும், அதுக்கு.

தம்பிக்கு நடக்கத்தானே ஆசை? 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 தடத்தைத் திறந்திருக்கு. ஆன்லைன்ல பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி வருவாரு. அவரு நின்னா நில்லுங்க, அவரு திரும்புனா திரும்புங்க. தீக்காலத்துல தடத்தை மூடிருவாங்க, அதனால முதல்ல திறந்திருக்கான்னு பாத்துட்டு அப்புறம் லீவு சொல்லச் சொல்லுங்க.

வைகைக்கரை
சரிண்ணே, அவன்கிட்ட இதையே காட்டுறேன். ஒரே ஒரு கேள்வி, இந்த மழைக்கு அட்டை இருக்குமா? அம்மாவுக்கு அட்டைன்னா அலர்ஜி.

பேரையூர்க்காரன்
சதுரகிரிப் பாதையில அம்புட்டு இருக்காது. மேகமலை, கொடைக்கானல் சோலைக்காடுன்னா இருக்கும். ஏறிருச்சுன்னா பிச்சு இழுக்காம உப்பை வைங்க, விழுந்துரும். ரத்தம் நிக்கக் கொஞ்ச நேரமாகும், அழுத்திப் பிடிச்சா சரியாப் போகும். உள்ளங்கால் வழுக்காத செருப்பா அம்மாவுக்கு வாங்கிக் குடுங்க, வழுக்குப்பாறையில அதுதான் அட்டையை விட முக்கியம்.